மண்ணுளி வளர்த்த மருமகள்

புதிதாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மண்ணுளிப் பாம்பில் தொடங்குவதுதான் நல்லது. கடிக்காது, துரத்தாது, படமெடுக்காது, அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்து மலடி என்று சொல்லாது. பாகூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் இந்த நாலு நல்ல குணமும் சேர்ந்திருந்த ஜீவன் அது ஒன்றுதான். நாலு மாதம் வளர்த்திருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆசைப்பட்டு வளர்த்தேனா என்றால் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக வளர்த்தேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இந்தக் காலத்தில் கேட்பார்கள். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, அதுதான் என் கஷ்டம்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம், இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. என் வீட்டுக்காரர் மேரியில் குமாஸ்தா. கொம்மின் என்கிற ஊராட்சி அலுவலகத்தை எங்கள் பக்கம் மேரி என்றுதான் சொல்லுவோம். அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், ஊரில் பிறக்கிற குழந்தைகளையெல்லாம் பெரிய புத்தகத்தில் பிரெஞ்சில் எழுதுகிற வேலை. தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம். கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை. அவரோ தினம் மாலை ஊரான் பிள்ளைகளை எழுதின மை விரலில் ஒட்டியபடி வீட்டுக்கு வருவார். என் மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "இன்னிக்கு எத்தினிடா?" என்று கேட்பார். "மூணும்மா", "ரெண்டும்மா" என்று இவர் சொல்லுவார். மாமியார் உடனே அடுப்படிப் பக்கம் திரும்பி என் இடுப்பைப் பார்ப்பார். ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் இந்தக் கணக்கெடுப்பு நடந்தது.

காரணம் கண்டுபிடித்தவர் எங்கள் ஜோசியர். நாக தோஷமாம். என் வீட்டுக்காரரின் பாட்டனார் ஏர் ஓட்டும்போது ஒரு நல்லபாம்பைக் கொழுவால் இரண்டாக வெட்டிவிட்டாராம். வெட்டியவர் அவருடைய பாட்டனார், வயிறு மட்டும் என்னுடையது. எங்கிருந்தோ வந்த எனக்கு அந்தப் பாம்பு எப்படி விலாசம் கண்டுபிடித்தது என்று கேட்டேன். ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, வாய் நீளமான பெண்களுக்குத் தோஷம் சீக்கிரம் கழியாது என்று சொன்னார்.

முதல் பரிகாரம், இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நிற்கிற கல்லை ஏரிக்கரை அரசமரத்தடியில் பிரதிஷ்டை செய்து, நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் ஈரப் புடவையோடு சுற்றுவது. சுற்றினேன். மார்கழிப் பனியில் தொடங்கியதால் எனக்கு வந்தது சளிதான். இரண்டாவது பரிகாரம், வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றுவது. ஊற்றினேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே ஊற்றுவார்கள். அந்தப் புற்றில் பாம்பு இருந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. இருந்திருந்தால் அது மூச்சுமுட்டிச் செத்திருக்கும், அத்தனை பால்.

இதில் எனக்கு ஆத்திரம் மூட்டியது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் புற்றுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே தெரு, சனிக்கிழமை ஒரு சாரைப்பாம்பு எலி தேடிக் குறுக்கே போனால் எட்டுப் பேராகத் தடியோடு இறங்கும். அடித்து முடித்ததும் ஒரு காசை அதன் வாயில் வைத்து, பால் தெளித்து, மரியாதையாகக் கொளுத்துவார்கள். கல்லாக நின்றால் சாமி, புற்றுக்குள் இருந்தால் சாமி, வெளியே வந்து மூச்சுவிட்டால் தடியடி. மருமகள்களுக்கும் ஏறக்குறைய அதே சட்டம்தான் என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

ஆறாவது வருஷம் மாசி மாதத்தில் ஜோசியர் மூன்றாவது பரிகாரம் சொன்னார். "கல்லுக்குச் செய்ததெல்லாம் போதவில்லை. உயிருள்ள ஒரு நாகத்தின் வயிறு இவள் கையால் குளிர வேண்டும்." அவர் மனதில் இருந்தது புற்றுக்கு இன்னும் கொஞ்சம் பாலும், அவர் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் அரிசியும்தான். என் மாமியார் அதோடு ஒரு கெடுவும் வைத்தார்.

"ஆனி கழியறதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா, ஆவணில என் புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துடுவன். கரிக்கலாம்பாக்கத்துல ஒரு வூட்டுல கேட்டு வெச்சிருக்கன். அப்பால என்னக் கொற சொல்லக்கூடாது."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் வந்தது. வாய் நீளமாக இருந்தாலும் போக்கிடம் இல்லாதவள் நான். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். சக்களத்தி வந்தால் மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே சம்பளமில்லாத வேலைக்காரியாக ஆயுசு முழுக்கக் கிடக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. உயிருள்ள பாம்பு, என் கையால், வயிறு குளிர. சரி, அப்படியே செய்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வயல் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்த இருளர் ஒருவர் இரண்டு சர்க்காரின் வரப்பிலும் பேதமில்லாமல் வளை வெட்டி எலியும் பாம்பும் பிடிப்பார். அவரிடம் போய் நின்றேன்.

"இன்னாபா, எனக்கு ஒரு பாம்பு வேணும்."

"எங்கம்மா பூந்துகிச்சி? அடிக்க ஆளு வரணுமா?"

"அடிக்க இல்லபா. வளக்க."

அவர் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு மேல வுடப் போற?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். எங்கள் தெருவில் ஒருவரும் அதுவரை என் கதையைச் சிரிக்காமலோ உச்சுக் கொட்டாமலோ கேட்டதில்லை. பிறகு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்க்கிற தரகர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நல்லபாம்பு வேணாம். உனக்குப் பழக்கமில்ல, ஒரு தபா கை தப்பினா ஆளு காலி. சாரையும் வேணாம், அது நிக்காது, பானைய ஒடச்சிக்கினு ஓடிப்பூடும். தண்ணிப்பாம்பு தொட்டா கடிக்கும், நாத்தம் வேற அடிக்கும். பச்சப்பாம்புக்கு நீ தெனம் ஓணான் புடிச்சிக்கினு அலையணும். மண்ணுளி எடுத்துக்க. வெச்ச எடத்துல கெடக்கும். பத்து நாளைக்கு ஒரு எலி. யாரு இன்னா சொன்னாலும் வாயத் தொறக்காது."

அந்தக் கடைசி குணம் உள்ள ஒருவர் ஏற்கெனவே என் வீட்டில் இருந்தார். இருந்தாலும் சரி என்றேன்.

நாலு நாள் கழித்து மூன்று மண்ணுளியை ஒரு பானையில் போட்டு எடுத்து வந்தார். வழியில் சுங்கச் சாவடிக்காரர் பானையில் என்ன என்று கேட்டு, கையை விட்டுப் பார்த்தாராம். அன்றிலிருந்து அந்த இருளர் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எதைப் பொறுக்குவது என்று அவரே காட்டிக்கொடுத்தார். ஒன்று முதுகெலும்பு துருத்தி, தோல் தொளதொளவென்று இருந்தது. அது பட்டினிப் பாம்பு, தேறாது என்றார். இன்னொன்றின் செதில் இடுக்கில் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது உலக்கைப் பூண் மாதிரி கெட்டியாக இருந்தது. கண் தெளிவு, வாயோரம் சுத்தம். கையில் எடுத்ததும் மெல்லச் சுற்றிக்கொண்டு, இது யாருடைய கை என்று நாக்கை நீட்டிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் என் மாமியார் என் கையைப் பிடித்துப் பார்த்தது இதைவிடக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் தெருவே திரண்டது. ஜோசியருக்கு ஆள் போனது. அவர் வந்து எட்டத்தில் நின்றபடி, "இது நாகமில்லையே, படம் கிடையாதே" என்றார்.

"அப்ப நீங்களே படம் எடுக்கறதா ஒண்ணு புடிச்சிக் குடுங்க சாமி. அதையும் வளக்கறன்" என்றேன்.

ஜோசியர் கொஞ்சம் யோசித்தார். மண்ணுளியும் நாக வம்சம்தான், பூமிக்குள்ளேயே இருப்பதால் ஆதிசேஷனுக்கு இன்னும் நெருங்கின உறவு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். என் மாமியாருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. பாம்பின் எதிரில் அதைச் 'சாமி' என்பார், கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் 'சனியன்' என்பார். என்னை எதிரிலேயே சனியன் என்றுதான் சொல்லுவார்.

வளர்ப்பு ஒன்றும் கஷ்டமில்லை. மாட்டுக் கொட்டகை மூலையில் அகன்ற வாயுள்ள ஒரு மொடாப் பானை. அதில் ஒரு சாண் ஆற்று மணல், காய்ந்ததாக. ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர். மேலே மூங்கில் தட்டு, அதன் மேல் அம்மிக் குழவி. காலையில் வெயில் இளசாக இருக்கும்போது மொடாவின் ஒரு பக்கம் சூடு படும்படி நகர்த்தி வைப்பேன். பாம்புக்குக் குளிர்ந்தால் அந்தப் பக்கம் போகும், சூடு போதுமென்றால் இந்தப் பக்கம் வரும். தனக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும், யாரும் நாள் நட்சத்திரம் பார்த்துச் சொல்ல வேண்டாம். எலியை உயிரோடு போடக்கூடாது, எலி பாம்பைக் கடித்துவிடும். இருளர் கொன்று கொடுப்பதைத்தான் போடுவேன். சாப்பிட்டால் இரண்டு நாள் கையில் எடுக்கக்கூடாது. கண் பால் கட்டினமாதிரி மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது, அப்போது ஒன்றும் செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விடுவது எங்கள் தெருவுக்குத் தெரியாத வித்தை. மண்ணுளிக்கு இரண்டு தலை, ஆறு மாதம் இந்தத் தலை ஆறு மாதம் அந்தத் தலை என்று ஒரு கட்சி. அது மண்ணைத்தான் தின்னும், எலி கொடுப்பது பாவம் என்று ஒரு கட்சி. நக்கினால் குஷ்டம் வரும் என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லோர் எதிரிலும் என் மணிக்கட்டைக் காட்டி அதை நக்க விட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் உப்புக் கேட்கிற சாக்கில் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தோல் நன்றாக இருந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஏரிக்குத் துணி துவைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மொடாவுக்குள் இரண்டு படி பால், மஞ்சள், குங்குமம், ஒரு முட்டை, எரிந்து அணைந்த கற்பூரம். பக்தி. வெயிலில் பால் திரிந்து மணல் நாறியது, எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. பாம்பு வாயை மணலுக்கு மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் அதைக் கழுவி, என் முந்தானையிலேயே துடைத்து, எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மணலை மாற்றினேன். வயிற்றுத் தோல் ஓரிடத்தில் புண்ணாகிவிட்டிருந்தது. மறுநாள் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: இனிமேல் சாமிக்குப் பால் ஊற்ற வருகிறவர்கள் முதலில் கையை மொடாவுக்குள் விட்டு, சாமி விழித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றலாம். அதோடு எங்கள் தெருவில் பக்தி தீர்ந்துபோனது.

அன்று அதைக் கழுவும்போதுதான் எனக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டது தெரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் நான் தொட்டால் ஒதுங்காத உயிர் அது. பிள்ளையில்லாதவள் கை படக்கூடாது என்று சீமந்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், குழந்தையைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வார்கள். இது என் கையிலேயே சுருண்டு கிடக்கும். என் வீட்டுக்காரர் சில நாள் மேரியிலிருந்து வந்ததும் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பார். ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி வாயைத் திறப்பார். பிறகு, "பத்தரமா மூடி வெய்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

வைகாசியில் பாம்பு எலியைத் தொடவில்லை. உடம்பு மட்டும் பருத்தது. பால் ஊற்றினதால் வந்த வினையோ என்று பயந்துபோய் இருளரைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் அதைக் கையில் ஏந்தி, விரலால் அடிவயிற்றை மெல்ல வருடிப் பார்த்தார்.

"எலி போடாதம்மா, திங்காது. இது பொட்ட. வவுத்துல குட்டி இருக்குது."

"முட்டையா?"

"மண்ணுளி முட்ட வெளிய போடாது. நம்மளாட்டம் குட்டியாத்தான் போடும்."

அவர் போன பிறகு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பாம்பின் மேல் பொறாமைப்பட்டு அழுத பெண் பாகூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. பரிகாரம் பலித்திருந்தது, ஆனால் பலித்த இடம் வேறு.

ஆனி கடைசிப் புதன்கிழமை கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார், அவரோடு ஊர்க்காரர் இரண்டு பேர், இவர்களுக்கு முன்னால் ஜோசியர். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மேரிக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைத் தட்டை யார் கொண்டு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். மூத்தவள் சம்மதத்தோடு நடக்கிறது என்று பெண் வீட்டார் பார்க்க வேண்டுமாம்.

வாழை இலை அறுக்கக் கொல்லைக்குப் போகிறவள் வழக்கம்போல மொடாவை எட்டிப் பார்த்தேன். மணலின் மேல் ஒரு விரல் பருமனில் புதிதாக ஏதோ நெளிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மூங்கில் தட்டை முழுதாக எடுத்துவிட்டு எண்ணினேன். ஏழு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பளபளவென்று, அம்மாவை அச்சாக வார்த்த மாதிரி. தாய் ஓரமாக ஒடுங்கிக் களைத்துக் கிடந்தது. கையில் அரிவாள் இருப்பதையே மறந்துவிட்டு நான் சத்தம் போட்டுவிட்டேன்.

கூடத்தில் இருந்த எல்லோரும் ஓடி வந்தார்கள். ஜோசியர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

"நாகம் வயிறு குளிர்ந்துவிட்டது. வரம் கொடுத்துவிட்டது. தோஷம் கழிந்தது. இந்த வீட்டில் ஏழு பிள்ளை பிறக்கும்!" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

என் மாமியார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். அவர் திரும்பி, பெண்ணின் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா? உங்க பொண்ணு வர நேரம். ஏழு புள்ளை!"

மூன்று பரிகாரத்தையும் செய்து முடித்தவள் நான். மார்கழிப் பனி என்னுடையது, எலி நாற்றம் என்னுடையது, வரம் மட்டும் கரிக்கலாம்பாக்கத்துக்கு. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"தோஷம் கழிஞ்சிடுச்சா சாமி?"

"கழிந்தது."

"நல்லது. அப்ப நானே பெத்துக்கறன். வேற பொண்ணு எதுக்கு?"

ஜோசியர் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் தகப்பனார் கூட, அதுவும் நியாயம்தானே என்கிற மாதிரி ஜோசியரைப் பார்த்தார். என் மாமியாருக்குத் தாங்கவில்லை.

"நீயா? மண்ணத் தின்னுற பாம்பு, தல எது வாலு எதுன்னு தெரியாத ஜென்மம், அதுவே ஏழு பெத்துப் போட்டுடுச்சி. உனக்கு ஆறு வருஷம் பத்தலயாடி?"

நான் குனிந்து மூங்கில் தட்டை எடுத்து மொடாவை மூடினேன். சங்கடத்தைப் போக்கலாம் என்று பெண்ணின் தகப்பனார் ஒரு சிரிப்புச் சிரித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா மாப்ள, இந்த ஏழையும் மேரில எழுதிடுவீங்களா? அப்பன் பேரு இன்னான்னு போடுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு இரண்டு முறை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"எம்மா, வேணாம். பொண்ணு பாக்க வேணாம். கொற இவகிட்ட இல்ல. எங்கிட்ட."

"இன்னாடா ஒளற?"

"புதுச்சேரி ஆசுபத்திரில வெள்ளக்கார டாக்டரு பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தாரு. எனக்குப் பொறக்காதுன்னு சொல்லிட்டாரு. சின்ன வயசுல எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துதே, நீ கூட கழுத்துல சங்கிலி கட்டிவுட்டு இருவது நாளு படுக்க வெச்சியே. அதுல போயிடுச்சாம்."

பெண்ணின் தகப்பனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட வந்தவர்களைக் கண்ணால் கூப்பிட்டு, காலணி தேடிப் போட்டுக்கொண்டு போனார். ஜோசியர் அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தார். மாமியார் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "எப்ப பாத்தீங்க?"

"கல்யாணமாயி ரெண்டாம் வருஷம்."

ரெண்டாம் வருஷம். அரசமரத்தை நான் சுற்றினது நாலாம் வருஷம். நான் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது இவர் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார். அப்போதே தெரியும். என்னைப் பார்த்து மாமியார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் சாப்பிடுகிற இலைக்கு எதிரில் சொன்னது. அப்போதும் தெரியும். இத்தனைக்கும் நான் அவரை நல்லவர், வாய் இல்லாதவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மனசு இளகியது. நாலு பேர் எதிரில் ஒரு ஆண்பிள்ளை அப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. சக்களத்தி வரவில்லை, நான் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. மறுநாள் இருளர் வந்தார். தாயும் குட்டிகளுமாக எட்டையும் பானையில் எடுத்துக்கொண்டு, பெண்ணையாற்று மணலில் விட்டுவிட்டு வந்தோம். தாயை விடும்போது கை வரவில்லை. அது திரும்பிப் பார்க்கவில்லை, தலையை மணலுக்குள் நுழைத்துப் போய்விட்டது. அதுதான் சரி.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பத்து நாள் என் மாமியார் வெளியே தலைகாட்டவில்லை. பதினோராம் நாள் தண்ணீர்த் துறைக்குப் போனவர், திரும்பி வரும்போது நிமிர்ந்து நடந்து வந்தார். அன்று மாலையே தெரு முழுக்கப் பேச்சு மாறிவிட்டது. வெள்ளைக்கார டாக்டருக்கு நம்ம உடம்பைப் பற்றி என்ன தெரியும்? பொண்டாட்டி குறையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டான் மகராசன். இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்ட மனசு வராமல் இப்படி ஒரு பழியைத் தானே சொல்லிக்கொண்டான். எவனுக்கு வரும் அந்த மனசு? பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். என்னைக் கண்டால், நீ கொடுத்துவைத்தவள்டி என்றார்கள். மேரியிலிருந்து என் வீட்டுக்காரர் வரும்போது கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் எழுந்து நின்றார்கள்.

அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன்.

"தெருவுல பேசிக்கறது கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டன்."

"இல்லன்னு சொன்னீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "அவங்களா பேசிக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. நான் பார்த்தேன்.

"மோரு வேணுமா உனக்கு?" என்று கேட்டேன்.

கட்டின புருஷனை எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் 'உனக்கு' என்று கேட்க மாட்டாள். அடுப்படி வாசலில் நின்ற மாமியார் கையில் இருந்த செம்பைக் கீழே போட்டார். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார். "ஊத்து" என்றார். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தோம். ஊரில் அவருக்குக் கடைசிவரை உத்தமர் என்றுதான் பெயர். நான் அவரை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.